ஜேசுபாதம் தண்டலின் அரை மாத்திரை

கயிறு முறுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஒரு முனையில் நின்று முறுக்குவார். மற்றவர் மூன்று புரிகளும் ஒன்றுசேரும் இடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவரை நோக்கி நடந்து வருவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த ஜேசுபாதம் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். வீட்டின் பின்புறம் தேங்காய்நார்ப் புரிகளை விரித்தார். மகள் ஜீவமணியைக் கூப்பிட்டு முறுக்குக் கட்டையை அவள் கையில் கொடுத்தார். அவள் மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். வாரம் முழுவதும் மருந்து கலக்கிய கை.

“இழுத்துப் பிடி ஏளா. தளர விட்டா சுருட்டிக்கிடும்.”

“பிடிச்சுக்கிட்டுத்தான இருக்கேன்.”

“மருந்துச் சீசாவப் பிடிக்குத மாதிரி பிடிச்சிருக்க. கயித்துக்கு ஒண்ணும் வலிக்காது.”

அவள் சிரித்துக்கொண்டே காலை ஊன்றி இழுத்தாள். புரிகள் மொறுமொறுத்துச் சேர்ந்தன. பாதிக் கயிறு உருவான பிறகுதான் கேட்டாள்.

“யாருக்குப்பா இது? நம்ம கிணத்துக் கயிறு நல்லாத்தான இருக்கு.”

“அய்யாக்குட்டி வீட்டுக்கு. அவன் கிணத்துக் கயிறு நைஞ்சு போச்சாம். அவன் பொஞ்சாதி பக்கத்து வீட்டுக் கயிற வாங்கி இறைக்காளாம்.”

ஜீவமணியின் கை ஒரு நொடி நின்றது. கயிறு சுருட்டிக்கொண்டது.

“பாத்தியா, சொன்னேம்லா” என்றார் அவர்.

நான்கு வருடமாக அந்த வீட்டில் அய்யாக்குட்டியின் பெயரை யாரும் சொன்னதில்லை. அவள் சுருக்கை எடுத்துவிட்டுத் திரும்ப முறுக்கினாள். முடிந்ததும், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் தானே கொடுத்துவிடுவதாகச் சொன்னாள்.

“வேண்டாம். நீ குடுத்தா கயிறுதான் போய்ச் சேரும். புதன்கிழமை வேல முடிஞ்சு நானே கொண்டுபோறேன்.”

கயிற்றை வளையமாகச் சுற்றி ஆணியில் மாட்டினார். அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

ஜேசுபாதம் பர்னாந்து தூத்துக்குடிக் கரையில் பிறந்து அந்தக் கரையிலேயே வேலை பார்த்தவர். இங்கே கப்பல் கரைக்கு வராது. ஆழம் போதாது. மைல்கணக்கில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே சரக்கைச் சுமப்பவை தோணிகள். பஞ்சுப் பொதியும் உப்பு மூட்டையும் உடன்குடிக் கருப்பட்டியும் அவற்றில்தான் போகும். தோணிக்குத் தலைவன் தண்டல். சுக்கான் அவன் கையில். இருபத்தெட்டு வயதிலேயே ஜேசுபாதம் தண்டல் ஆகிவிட்டார். காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பதைக் காதுமடலில் அறிந்தவர் என்று கரையில் பேசிக்கொள்வார்கள். அவர் அதை ஒப்புக்கொண்டதில்லை. “காதெல்லாம் ஒண்ணும் சொல்லாது. பருந்து எங்கன சுத்துதுன்னு பாப்பேன்” என்பார்.

அந்த நாளில் குடிப்பார். அவரும், தோணியில் அவருக்கு அடுத்த ஆளான அய்யாக்குட்டியும் ஒரே குவளையில் குடிப்பார்கள். ஒருநாள் போதையில் பாயைத் திருப்பும்போது குறுக்குக் கட்டை அவர் மண்டையில் அடித்தது. அய்யாக்குட்டிதான் வேட்டியைக் கிழித்துக் கட்டுப்போட்டுக் கரை சேர்த்தான். காயம் ஆறியதும் ஜேசுபாதம் மாதா கோயிலுக்குப் போய், இனித் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தார். அவர்கள் தெருச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. திருவிழாக் கொடியேறும்போது கொடிக்கயிற்றில் முதலில் கை வைப்பவர்கள் அப்படி வாக்குக் கொடுத்துக் காத்தவர்கள். அடுத்த வருடத்திலிருந்து அந்தக் கயிற்றில் ஜேசுபாதத்தின் கையும் இருந்தது.

ஆனால் காயம் வேறொன்றை விட்டுச்சென்றது. சில மாதம் கழித்துத் தூக்கத்தில் வலிப்பு வந்தது. பிறகு மறுபடியும். டாக்டர் லூமினால் மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. வலிப்பு நின்றது. அது மனைவிக்கும் மகளுக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரியும். வலிப்புக்காரனை எந்த முதலாளியும் சுக்கானில் உட்காரவைக்க மாட்டான். மனைவி இறந்த பிறகு மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் வேலை ஜீவமணிக்கு வந்தது. யுத்தம் தொடங்கியதும் ஜெர்மன் லூமினால் வரவில்லை. அதே மருந்து வேறு பெயரில் இங்கிலாந்திலிருந்து வந்தது. அதைக் கொடுத்தாள். ஒரு மாற்றமும் இல்லை.

நாற்பத்து நான்காம் வருடம் ஊரில் வாந்திபேதி பரவியது. அவர்கள் தெருவிலேயே இரண்டு வீடுகளில் சாவு விழுந்தது. காலரா ஊசி போட்ட சீட்டு இல்லாதவன் தோணியில் ஏறக்கூடாது என்று உத்தரவு வந்தது. கரையில் வரிசையாக நிற்கவைத்துப் போட்டார்கள். ஒரு வாரம் கழித்து இரண்டாவது ஊசி.

“ஊசி போட்டா காச்சல் வரும்ங்கான், தண்டலே” என்றான் அய்யாக்குட்டி, சட்டைக் கையை மடித்துக்கொண்டே.

“வந்தா வரட்டும். உனக்கு வேல செய்யாம இருக்க ஒரு சாக்குத்தான வேணும்.”

எல்லோருக்கும் காய்ச்சல் வந்தது. கை வீங்கியது. ஓரிரு நாளில் சரியாகி எல்லோரும் வேலைக்கு வந்தார்கள். ஜேசுபாதமும் வந்தார். உடம்பு குளிர்ந்திருந்தது. கண்தான் கொஞ்சம் சொருகியிருந்தது. பஞ்சுப் பொதி ஏற்றிய தோணி கப்பலை நெருங்கும்போது அவர் சுக்கானைத் திருப்பவே இல்லை. கப்பலின் இரும்புச் சுவர் நேரே வந்துகொண்டிருந்தது. முன்னால் நின்ற அய்யாக்குட்டி கத்திப் பார்த்தான். பிறகு பொதிகள் மேல் ஏறி ஓடிவந்து சுக்கானைப் பிடுங்கித் திருப்பினான். தோணியின் விலா கப்பலை உரசிக்கொண்டு போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

“என்ன தண்டலே, கண்ணு தெரியலையா?”

“ரெண்டு கப்பலு தெரிஞ்சுதுடே” என்றார் ஜேசுபாதம். நாக்கு குழறியது.

கரைக்கு வந்து இறங்கும்போது பலகையில் தள்ளாடினார். ஒரு காலத்தில் அவரோடு குடித்தவன் அய்யாக்குட்டி. அந்தக் குழறலும் அந்தத் தள்ளாட்டமும் அவனுக்குப் பழக்கமானவை. அன்றைக்கே போய்த் தோணி முதலாளி காசிலிங்கம் அண்ணாச்சியிடம் சொன்னான். தோணியில் இருந்தது அவன் உயிரும் மற்றவர்களின் உயிரும். சொல்லாமல் இருக்க முடியாது.

காசிலிங்கம் கூப்பிட்டனுப்பினார்.

“என்ன வே தண்டல், பழைய பாதைக்குத் திரும்பிட்டீரா?”

“இல்ல அண்ணாச்சி.”

“இல்லன்னு சொல்லுதீரு. அந்த ‘இல்ல’யே ஒழுங்கா வரல. போரும், கொஞ்ச நாளு கரையில இரும். அய்யாக்குட்டி பிடிக்கட்டும் சுக்கான.”

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. சபைப் பெரியவர் வீட்டுக்கே வந்து வாசலில் நின்றபடி, இந்த வருடம் கொடிக்கயிற்றுப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். கொடியேற்றத்துக்கு மூன்று வாரம் இருந்தது. அன்றைக்கு அவர் கை அந்தக் கயிற்றில் இல்லாவிட்டால், அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தான் ஊர் எடுத்துக்கொள்ளும்.

ஜீவமணி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கஞ்சி வைக்கிற சாக்கில் அவள் பக்கத்தில் குனிந்தாள். அவர் பார்த்துவிட்டார்.

“மோந்து பாக்கணும்னா நல்லாப் பாத்துக்கோ பிள்ள” என்று வாயைத் திறந்து மூச்சு விட்டார். கஞ்சியும் வெங்காயமும்தான் வாடை.

அவள் விளக்கை எடுத்து வந்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். விரலை இடமும் வலமும் நகர்த்தி, கண்ணால் மட்டும் தொடரச் சொன்னாள். விரலோடு போன கருவிழி ஓரத்தில் நிற்காமல் துடித்தது. லூமினால் அளவுக்கு மீறியவர்களிடம் அவள் இதைப் பார்த்திருக்கிறாள். ஆனால் மாத்திரையை எடுத்துக் கொடுப்பவள் அவளே. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. வருடக்கணக்காக அதே அளவு. இங்கிலாந்து மாத்திரைக்கு மாறியும் நெடுநாள் ஆகிவிட்டது. மாறியது ஒன்றே ஒன்றுதான். ஊசி.

மறுநாள், மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர் தாணுலிங்கத்திடம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“ஊசி மருந்து தோலுக்கடியில போகுது. மாத்திரை வயித்துக்குள்ள போகுது. ரெண்டும் எங்கம்மா சந்திச்சுக்கும்?”

“ரெண்டும் சந்திக்க வேண்டாம் சார். அந்த மாத்திரையச் செதைச்சு வெளிய தள்ளுதது ஈரல். ஊசிக் காய்ச்சல்ல ஈரல் வேலை மந்தமாகியிருந்தா, பழைய மாத்திரை போகாம இருக்கும். அது மேல புது மாத்திரை சேரும்.”

“காய்ச்சலே மயக்கம் குடுக்குமே.”

“காய்ச்சல் விட்டப்புறம்தான் சார் தள்ளாட்டம் வந்தது. அய்யாக்குட்டிக்கும் மத்தவங்களுக்கும் அதே ஊசி, அதே காய்ச்சல். யாரும் தள்ளாடல. அவங்க யாரும் மாத்திரை சாப்பிடல.”

டாக்டர் யோசித்தார். “புஸ்தகத்துல நான் படிச்சதில்ல. அதுக்காக நடக்காதுன்னு சொல்லவும் மாட்டேன். இரத்தத்துல மருந்து எவ்வளவு இருக்குன்னு அளந்து பாக்க நம்மகிட்ட வழியில்ல. ஆளைத்தான் பாக்கணும். இன்னொரு ஊசி பாக்கி இருக்குல்ல?”

“இருக்கு சார்.”

“போடாம விட்டுறாத. இப்ப ஊர்ல பேதி ஊசியவிடப் பெரிய ஆபத்து. போட்டு, வீட்டுல வச்சுப் பாரு. மறுபடி கண்ணு துடிச்சா மாத்திரையப் பாதியாக்கு. முழுசா நிறுத்தினா, வலிப்பு திரும்பி வந்துரும்.”

வீட்டில் அப்பாவுக்கு விளக்குவதுதான் கடினம் என்று நினைத்தாள். அப்படி இல்லை.

“தோணியில தண்ணி ஊறிக்கிட்டே இருக்கும்லாப்பா?”

“எந்தத் தோணியிலதான் ஊறாது.”

“ஒருத்தன் எறைச்சுக்கிட்டே இருந்தா தோணி நேரா நிக்கும். ஊறுத அளவு கூடல. ஆனா எறைக்குதவன் ஓஞ்சுட்டான்னா?”

“தண்ணி கட்டும். தோணி ஆடும்.” தன் வயிற்றைத் தட்டிக்காட்டினார். “எனக்குள்ள எறைக்குத பய ஊசிக் காச்சல்ல படுத்துட்டான்னு சொல்லுத.”

“அப்படித்தான் நெனைக்கேன். தெரிஞ்சுக்கணும்னா ரெண்டாவது ஊசி போட்டுப் பாக்கணும்.”

“போட்டுருவோம். இப்ப எனக்கு வேற சோலி என்ன இருக்கு?”

முதல் ஊசியின் தள்ளாட்டம் அதற்குள் தெளிந்துவிட்டிருந்தது. இரண்டாவது ஊசியைப் போட்டுக்கொண்டார். ஜீவமணி விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தாள். அவர் வாசலைத் தாண்டவில்லை. இரவு காய்ச்சல் அடித்தது. அடுத்த நாள் இறங்கியது. அதற்குப் பிறகு, உடம்பு குளிர்ந்து அவர் பசிக்கிறது என்று கேட்டுச் சாப்பிட்ட பிறகு, நாக்கு குழறத் தொடங்கியது. முற்றத்தில் கிடந்த துடுப்பின் ஓரமாக நேராக நடக்கச் சொன்னாள். மூன்றாவது எட்டில் விலகிப்போனார். விரலைக் காட்டினாள். கண் துடித்தது.

“வருது” என்றாள்.

“வரட்டும், வரட்டும்” என்றார் அவர், விருந்தாளியை வரவேற்பதுபோல.

அன்றிரவிலிருந்து மாத்திரையைக் கத்தியால் இரண்டாக்கி ஒரு பாதியை மட்டும் கொடுத்தாள். காலையிலும் பாதி. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தெளிந்தார். துடுப்பின் ஓரமாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை விலகாமல் நடந்தார். வலிப்பு வரவில்லை. பிறகு முழு மாத்திரைக்குத் திரும்பினார். நேராகவே இருந்தார்.

ஒரு ஆளை வைத்துக்கொண்டு உலகத்துக்கே சொல்ல முடியாது என்பது ஜீவமணிக்குத் தெரியும். டாக்டரும் அதைத்தான் சொன்னார். ஆனால் இந்த ஒரு ஆளைப் பற்றி அவளுக்குச் சந்தேகம் இல்லை. இப்போதே காசிலிங்கத்திடமும் சபைப் பெரியவரிடமும் போய்ச் சொல்ல வேண்டும் என்றாள்.

“என்னன்னு சொல்லுவ?”

“மாத்திரைதான் காரணம்னு.”

“எதுக்கு மாத்திரைன்னு கேப்பாம்லா.”

அவள் மாத்திரைச் சீசாவை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

“குடிகாரன்னு சொன்னா ஆறு மாசத்துல மறந்துட்டு மறுபடி சுக்கானக் குடுப்பான் ஏளா. இந்தக் கரையில குடிக்காத தண்டலு எத்தன பேரு? வலிப்புக்காரன்னா செத்தாலும் குடுக்கமாட்டான்.”

“அப்ப கொடிக்கயிறு?”

அடுத்த சில நாள் அவர் கரைக்குப் போய் ஒதுங்கி உட்கார்ந்து, அய்யாக்குட்டி தோணியைக் கொண்டுபோவதைப் பார்த்துவிட்டு வருவார். ஒருநாள் வந்து காலைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

“அவன் நல்லாத்தான் பிடிக்கான்.”

“யாரு?”

“அய்யாக்குட்டி. அன்னைக்கு அவன் ஓடிவராம இருந்தா அத்தன பேரும் தண்ணிக்குள்ள. நான் குடிச்சிருந்தா என்ன, மாத்திரையில கெடந்தா என்ன, செத்தவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான். என் தலைக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாமலே இத்தன வருசம் என் பின்னால வந்திருக்கானுவ. அதச் சொல்லணும்.”

அந்த வாரக் கடைசியில் கூலி வாங்க எல்லோரும் காசிலிங்கத்தின் சரக்குக் கிட்டங்கியில் கூடியிருந்தார்கள். ஜேசுபாதம் மகளையும் கூட்டிக்கொண்டு போனார். அவளைப் பேசவிடவில்லை. மண்டையில் அடிபட்டது, வலிப்பு வந்தது, மாத்திரை, ஊசி, எல்லாவற்றையும் தானே சொன்னார். இறைக்கிறவன் காய்ச்சலில் படுத்த கதையையும் சொன்னார். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

காசிலிங்கம் ஜீவமணியைப் பார்த்தார். “டாக்டரும் இதையே சொல்லுதாரா தாயி?”

“இருக்கலாம்னு சொல்லுதாரு அண்ணாச்சி. அப்பா குடிக்கலங்கிறத நான் சத்தியமாச் சொல்லுதேன்.”

“அது போரும். ஆனா, தண்டல்…” அவர் இழுத்தார்.

“சுக்கான் வேண்டாம் அண்ணாச்சி. அதக் கேக்க வரல.”

அய்யாக்குட்டி கடைசி ஆளாக நின்றிருந்தான். “எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா அண்ணே” என்றான். “மண்டையக் கட்டுனவன் நான்.”

“சொன்னா நீ தூங்காம என்னையே பாத்துக்கிட்டு இருப்ப. தோணிய யாரு பாப்பா?”

அதற்கும் யாரும் சிரிக்கவில்லை. அய்யாக்குட்டி கூலியை வாங்காமலே வெளியே போய்விட்டான்.

கொடியேறிய அன்று சபைப் பெரியவர் தானே வந்து ஜேசுபாதத்தைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். கூட்டத்தின் நடுவில் நின்ற ஜீவமணிக்கு அப்பாவின் முகம் தெரியவில்லை. கயிற்றில் இருந்த கைகளில் எது அவருடையது என்பது மட்டும் தெரிந்தது.

காசிலிங்கம் கயிற்றுக் கிட்டங்கி வேலையைக் கொடுத்தார். அறுந்த கயிற்றை இணைப்பது, புதுக் கயிறு முறுக்குவது, கிழிந்த பாயைத் தைப்பது. ஜேசுபாதம் குறை சொன்னதில்லை. அய்யாக்குட்டி தண்டல் ஆனான். கயிறு வேண்டுமென்றால் ஆளை அனுப்புவானே தவிரத் தான் வரமாட்டான். ஜேசுபாதத்தைத் தெருவில் கண்டால் எதிர்ச் சந்தில் நுழைந்துவிடுவான். கோபத்தால் அல்ல. தண்டல் வீட்டுக் கஞ்சியை எத்தனையோ நாள் குடித்தவன், அதே தண்டலின் சுக்கானில் இப்போது உட்கார்ந்திருக்கிறான். அந்தக் கூச்சம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. “அவனுக்கு நான் கெடுதல் பண்ணிட்டேன்” என்றுகூட ஒருமுறை ஜேசுபாதம் சொன்னார். வலிப்பை மறைத்து, அவனைத் தன்மேல் புகார் சொல்லவைத்ததைத்தான் அப்படிச் சொன்னார்.

ஒவ்வொரு வருடமும் பேதிக் காலம் தொடங்கும் முன் ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்து ஊசி போட்டுக்கொள்வார். ஜீவமணி டாக்டரைக் கேட்டுச் சில நாளைக்கு அரை மாத்திரை கொடுப்பாள். கண்ணைப் பார்ப்பாள். துடுப்பின் ஓரமாக நடக்கச் சொல்வாள். தெளிந்ததும் முழு மாத்திரை. அவருக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. துடுப்பின் கோடிக்குப் போய்த் திரும்பி, “பாஸா?” என்று கேட்பார்.

நாற்பத்தெட்டாம் வருடம், கயிறு முறுக்கியதற்கு அடுத்த புதன்கிழமை, கிட்டங்கியில் பாய் தைத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆள் வந்து சொல்லி ஜீவமணி ஓடிப்போனபோது எல்லாம் முடிந்திருந்தது. ஊசி போட்டு நெடுநாள் ஆகியிருந்தது. அன்று காலை அவர் சாப்பிட்டது முழு மாத்திரை. கண் தெளிவாக இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போயிருந்தாள். டாக்டர் தாணுலிங்கம் வந்து பார்த்தார். இருதயம் என்றார். அவள் கேட்காமலே, “மாத்திரை இல்லம்மா” என்றார். அது அவளுக்கும் தெரியும். இருந்தும் அவர் சொன்னது நல்லதாக இருந்தது.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. அய்யாக்குட்டி கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, சுவரோரமாக, தலையில் கட்டிய துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான். உள்ளே வரவில்லை. எல்லோரும் கலைந்த பிறகு ஜீவமணி திரும்பிப் பார்த்தபோது அவன் அங்கே இல்லை.

கயிறு வீட்டின் பின்புறம் ஆணியில் தொங்குகிறது. வாளி கட்டுவதற்கு ஒரு முனையில் கண்ணி போட்டு வைத்திருக்கிறார். மறுமுனை அவிழாமலிருக்க நூலால் சுற்றியிருக்கிறார். நடுவில் ஓர் இடத்தில், அவள் கை நின்றதால் விழுந்த சுருக்கின் தடம் இன்னும் லேசாகத் தெரிகிறது. அய்யாக்குட்டியின் வீடு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்தான். அவன் மனைவி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, கயிறு கேட்டு அடுத்த வீட்டு வாசலில் நிற்பதைக் காலையில் போகும்போது ஜீவமணி பார்க்கிறாள். கயிற்றை எடுத்துப் போவது பெரிய வேலை இல்லை. ஆனால் அவர் கொண்டுபோகவிருந்தது கயிற்றை மட்டுமல்ல.